18446744073709551615-ஐ உடைத்துப் பார்த்தேன்

சதுரங்கக் கட்டங்களில் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே தானியம் வைக்கும் கதை தெரியுமல்லவா, அதில் கடைசியில் வரும் கூட்டுத்தொகை இது. 2-இன் 64-ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு. கால்குலேட்டரைத் தொடாமல் இதன் பகாக் காரணிகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நோட்டோடு உட்கார்ந்தேன்.

முதல் நாள் வேலை சுலபம். பள்ளியில் படித்த வர்க்க வித்தியாசச் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் எண் தானாகப் பிரிகிறது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். 2-இன் 1, 2, 4, 8, 16, 32... ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் வரும் இந்த வரிசையில் எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 4294967297-இல்தான், அதாவது 2³²+1-இல்தான், அந்த நம்பிக்கை உடைந்தது. 1732-இல் கணித மேதை ஆய்லர் அதன் காரணியைக் காட்டினார்.

நான் 7, 11, 13 என்று வரிசையாக வகுக்க ஆரம்பித்து இரண்டு மாலைகளைச் செலவழித்தேன். நடுவில் ஒரு கழித்தல் பிழை. நான்கு பக்கம் வீண். அப்புறம்தான் ஆய்லரின் வழியைப் படித்தேன். ஒரு பகா எண் 2³²+1-ஐ மீதியின்றி வகுத்தால், அதனால் 2³²-ஐ வகுக்கும்போது −1 மீதியாகும், 2⁶⁴-ஐ வகுக்கும்போது 1. 2-இன் அடுக்குகளில் 1 மீதி முதன்முதலாக வருவதே 64-இல்தான். பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்கிலும் 2-க்கு மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் இன்னொரு தேற்றம். ஆகவே அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது 64-ஆல் வகுபட்டே ஆகவேண்டும். 7, 11, 13 எதையும் தொட்டிருக்கவே வேண்டாம்! சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641... இவ்வளவுதான்.

பெரிய எண்ணை நேராக வகுக்கவும் தேவையில்லை. 2¹⁶ = 65536. அதன் மீதியை எடுத்து, வர்க்கம் செய்து, மறுபடி மீதி எடுத்தால் போதும்; அது 2³²-இன் மீதி. வகுக்கும் எண்ணைவிட அது ஒன்று குறைவாக வந்தால் காரணி கிடைத்துவிட்டது. 193-க்கு 108 வந்தது. 257-க்கு 1. 449-க்கு 324, 577-க்கு 287. 641-க்கு முதலில் 154; அதன் வர்க்கம் 23716; 641 × 36 = 23076; மீதி 640. ஒன்றைக் கூட்டினால் 641! பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4294967297 = 641 × 6700417.

6700417 மேலும் உடைகிறதா? அதன் வர்க்கமூலம் 2589-க்குச் சற்றுக் கீழே. அதற்குள் பாக்கி 641 (மறுபடியும்), 769, 1153, 1217, 1409, 1601, 2113. பட்டியல் போடும்போது 64 × 27 + 1 என்ற இடத்தில் ராமானுஜனின் 1729 எட்டிப்பார்த்தது. அது 7 × 13 × 19 என்பதால் அடித்துவிட்டேன், மனமில்லாமல். மற்ற ஏழிலும் மீதி வந்தது. 6700417 பகா எண்தான்.

1878-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா இதே சல்லடையை இன்னும் இறுக்கினார்: 64-க்குப் பதில் 128. அதன்படி போயிருந்தால் 257-க்கு அடுத்த பகா எண்ணே 641. நோட்டின் அடுத்த பக்கத்தில் 18446744073709551617 என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆரம்பித்த எண்ணைவிட இரண்டே கூடுதல், ஃபெர்மா வரிசையில் அடுத்தது. இதற்குச் சல்லடை 256. 257, 769 இரண்டும் முடிந்தன, இரண்டிலும் மீதி. அடுத்தது 3329.