கிரவுண்ட் பாஸ் போதும்

ஜனவரியில் மெல்போர்ன் என்றால் ஆஸ்திரேலிய ஓபன். டென்னிஸ் பைத்தியம் நான்; என் கணவருக்கு ஊர் சுற்ற வேண்டும். திருவனந்தபுரத்தில் ஏறி கோலாலம்பூரில் மாறிப் போனோம். மார்த்தாண்டத்தில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸை மறைக்காமல் சுங்கப் படிவத்தில் எழுதினோம். பிரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

முக்கிய அரங்கான ராட் லேவர் அரங்கின் டிக்கெட் விலையைப் பார்த்ததும் பேசாமல் வெளிக் கோர்ட்டுகளில் ஆட்டம் பார்க்கும் கிரவுண்ட் பாஸ் எடுத்தேன். முதல் வாரத்துக்கு அதுதான் சரி. வெளிக் கோர்ட்டுகளில் முன்வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரரின் மூச்சிரைப்பும் ஷூ தேய்கிற கீச்சொலியும்கூடக் கேட்கும். பந்தின் வேகம் டிவியில் பாதிகூடத் தெரியாது. கோட்டு நடுவர்களே கிடையாது. 2021 முதல் கேமராக்கள்தான் தீர்ப்பு சொல்கின்றன. 'அவுட்' என்ற குரலும் பதிவு செய்ததுதான். அவர் அதை மட்டும் ரசித்தார். டென்னிஸ் புள்ளிக் கணக்கில் 15, 30க்கு அப்புறம் ஏன் 40 என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

வெயில்தான் கொடுமை. நம்மூரில் வியர்த்துக் கொட்டும். அங்கே வியர்வை தெரியாமலே தோல் எரிகிறது. தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம்.

நகர மையத்தில் டிராம் இலவசம். பிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையம், ஹோசியர் சந்தின் சுவர் ஓவியங்கள் எல்லாம் சீக்கிரம் முடிந்தன. 1913இல் திறந்த மாநில நூலகத்தின் எண்கோண வாசிப்பறையிலிருந்து அவரைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. விக்டோரியா மார்க்கெட்டில் மாம்பழ விலையைக் கேட்டு, நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்காரியான நான் பையைச் சுருட்டிக்கொண்டேன்.

இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கிறது. "இன்னும் இருட்டலியே, ஒரு மேட்ச் பாத்துட்டு போவோம்" என்று தினமும் இழுத்தேன். பாவம், வந்தார்.