எடுத்த ஸ்கிரீன்ஷாட் எங்கே போகிறது?

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் கல் (டைல்ஸ்) செய்யும் ஒரு பட்டறையில் ஆர்டர் எடுப்பதும் டிசைன் அடுக்கி அனுப்புவதும் என் வேலை. வளவுக்கு (வீட்டு நடுமுற்றத்துக்கு) எந்த பார்டர், நடுவில் எந்தப் பூ என்று கம்ப்யூட்டரில் அடுக்கிக் காட்டினால்தான் வீட்டுக்காரர்கள் சரி சொல்வார்கள். அதற்கப்புறம்தான் கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றுவது எல்லாம். முன்பு மானிட்டரைப் போனில் போட்டோ பிடித்து அனுப்புவோம். படம் முழுக்க அலை அலையாகக் கோடு ஓடும். "தம்பி, இது கல்லா, கண்டாங்கிச் சேலையா?" என்று கோட்டையூர் ஆச்சி ஒருவர் கேட்டதோடு அதை நிறுத்தினோம்.

பட்டறையில் மூன்று கம்ப்யூட்டர், மூன்றும் மூன்று விதம். ஆபீசில் விண்டோஸ். முதலாளியின் மகன் விட்டுப்போன மேக். பழைய மெஷின் ஒன்றில் உபுண்டு என்ற லினக்ஸ். ஸ்கிரீன்ஷாட் எடுப்பது எதிலும் கஷ்டமில்லை. எடுத்த படம் எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

எங்கள் ஆபீசில் இருக்கும் பழைய விண்டோஸில் பிரின்ட் ஸ்கிரீன் கீயை அழுத்தினால் திரையில் ஒரு அசைவும் இருக்காது (புதிய விண்டோஸ் 11-இல் இழுத்து வெட்டும் கருவி திறக்கும்). "கீ போச்சுப்பா" என்றார் முதலாளி. போகவில்லை, படம் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது தற்காலிகமாகத் தங்கும் இடத்தில் இருக்கிறது. பெயின்டையோ வாட்ஸ்அப் வெப்பையோ திறந்து கன்ட்ரோல் வி போட்டால் வந்து விழும். கோப்பாகவே வேண்டுமென்றால் விண்டோஸ் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். திரை ஒரு கணம் மங்கும், பிக்சர்ஸ் போல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் படம் இருக்கும். நான் அதிகம் தொடுவது விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றும்தான். வேண்டிய அறையை மட்டும் இழுத்து வெட்டிக்கொள்ளலாம், ஓரத்தில் திறந்திருக்கும் கணக்கு வழக்கெல்லாம் வாடிக்கையாளருக்குப் போகாது. சில லேப்டாப்பில் எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

மேக் கீபோர்டில் பிரின்ட் ஸ்கிரீன் கீயே கிடையாது. கமாண்ட், ஷிஃப்ட், 3 என்றால் முழுத் திரை. 4 என்றால் இழுத்து வெட்டுவது. 4-க்குப் பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் குறி கேமராவாக மாறும், எந்த விண்டோவைத் தொடுகிறோமோ அது மட்டும் விழும். சுற்றிலும் ஒரு நிழல் வரும். பார்டர் கல்லுக்கு வெளியே அந்த நிழலைப் பார்த்துவிட்டு "இந்தச் சாம்பல் வரியும் கல்லா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆப்ஷன் கீயைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் நிழல் வராது. கோப்பு டெஸ்க்டாப்பில் போய் விழும். ஓரத்தில் தெரியும் குட்டிப் படம் மறைந்த பிறகுதான் விழும் என்பதால், உடனே தேடிவிட்டுக் காணோம் என்று பதற வேண்டாம். 2018-இல் மொஹாவி பதிப்போடு வந்த கமாண்ட், ஷிஃப்ட், 5-இல் சேமிக்கும் இடத்தை மாற்றலாம்.

உபுண்டு 22.04-இல் பிரின்ட் ஸ்கிரீனைத் தட்டினாலே பகுதியா, முழுத் திரையா, விண்டோவா என்று கேட்கும். கிளிப்போர்டிலும் போகும், கோப்பாகவும் விழும். எனக்கு இதுதான் பிடித்தது.

கலர் விஷயம் தனிக் கூத்து. சாயங்காலமானால் விண்டோஸில் நைட் லைட் தானாக வரும்படி வைத்திருந்தோம். மானிட்டரே மஞ்சள் பூத்துவிடும், ஆனால் அந்த மஞ்சள் ஸ்கிரீன்ஷாட்டில் ஏறாது. முதலாளி இங்கே பார்த்து "பால் வெள்ளை வேண்டாம், இந்தச் சந்தன நிறமே இருக்கட்டும்" என்பார்; அங்கே போனில் அது பளீர் வெள்ளையாகத் தெரியும். இப்போது கலர் பேசும் நேரத்தில் நைட் லைட்டை அணைத்துவிடுகிறோம்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி, பூவின் மெல்லிய கோடுகள் குழம்பும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் எடுத்தபடியே போகும். டிசைன் பட்டியல் மாதிரி நீண்ட இணையப் பக்கத்துக்கு மூன்று கம்ப்யூட்டரிலும் ஃபயர்ஃபாக்ஸ்தான்: பக்கத்தில் ரைட் கிளிக் செய்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதி வரும், அதில் முழுப் பக்கத்தையும் ஒரே படமாகச் சேமிக்கலாம். அதையும் டாக்குமென்ட்டாகவே அனுப்புங்கள்.