உகந்தை வீதியில் குருவிச்சை பார்ப்பது எப்படி

இலங்கையின் கிழக்கில், பொத்துவிலில் இருந்து பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் யானையையும் மயிலையும் தேடுவார்கள். கொஞ்சம் அண்ணாந்து மரக்கொப்புகளையும் பாருங்கள். வறட்சிக் காலத்தில், யூலை ஓகஸ்டில், முதிரை போன்ற மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். மொட்டைக் கொப்பில் ஒரு இடத்தில் மட்டும் பச்சைப் பற்றை தெரிந்தால் அது பெரும்பாலும் குருவிச்சைதான், மரத்தில் ஒட்டி வாழும் செடி. தமிழ்நாட்டார் இதைப் புல்லுருவி என்பார்கள். பாலை, வீரை எப்போதும் பச்சை. அவற்றில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

8×42 தொலைநோக்கி போதும். முதலில் பூவை அல்ல, ஒட்டுகிற இடத்தைப் பாருங்கள். கொப்பு அங்கே முடிச்சாக வீங்கியிருக்கும். அதற்கு அப்பால் உள்ள நுனி பல மரங்களில் காய்ந்திருக்கும். இலையில் தன் சாப்பாட்டைத் தானே ஆக்கிக்கொண்டாலும், தண்ணீரையும் உப்பையும் குருவிச்சை மரத்திடமிருந்தே உறிஞ்சுகிறது. வறட்சியில் நுனிக்குப் போகவேண்டிய தண்ணீர் அதற்குள் போய்விடும்.

பூ நீண்ட, லேசாக வளைந்த குழாய். ஒரு பக்கம் பிளந்து, 5 இதழும் பின்னுக்கு மடிந்திருக்கும். தேன்சிட்டு வந்தால் அசையாமல் நில்லுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

விதை பரப்புவது பூங்கொத்தி. 8 சென்ரிமீற்றர்தான், இலங்கையின் மிகச் சின்னப் பறவைகளில் ஒன்று. பழத்தைத் தின்று கழிக்கும் விதையில் பசை இழுபடும். அதைக் கொப்பில் தேய்த்துத்தான் உதற முடியும். ஒட்டிய விதை அங்கேயே முளைக்கும். பச்சை நுனி பட்டைப் பக்கம் வளைந்து, தட்டையாகி, உள்ளே துளைக்கும். மண்ணில் விழுந்த விதை பிழைக்காது.

வீட்டு மாமரத்தில் வந்தால் பற்றையை மட்டும் முறிப்பது வீண்வேலை. மரத்துக்குள் இருக்கும் உறிஞ்சுவேர் திரும்பத் தளிர்க்கும். வீக்கத்துக்கு ஒரு முழம் கீழே, அடிமரப் பக்கமாக, கொப்போடு வெட்டவேண்டும். காட்டில் இருப்பதைத் தொடாதீர்கள், அது அந்தக் குருவிகளின் சாப்பாடு. உகந்தைக்கு அடுத்துள்ள குமண தேசியப் பூங்காவுக்குள் செடி பிடுங்குவது சட்டப்படியும் குற்றம்.

அரிதான ஒன்றும் உண்டு. விஸ்கம் கெபிடெல்லாட்டம் என்ற சின்னச் செடி குருவிச்சையின் மேலேயே ஒட்டி வளரும். ஒரே பற்றைக்குள் பெரிய இலையும் மிகச் சின்ன இலையும் கலந்து தெரிந்தால் அவசரப்பட்டு நகராதீர்கள். சின்ன இலைக் காம்பு எதிலிருந்து புறப்படுகிறது என்று தேடுங்கள்.