பன்ஃபிலோவ் பூங்காவில் ஒரு காலைப்பொழுது

கசகஸ்தானின் அல்மாட்டி நகரின் நடுவே, ஓக்கும் பைனும் அடர்ந்து நிழல் பரப்பும் பன்ஃபிலோவ் பூங்காவுக்கு ஓர் அக்டோபர் காலையில் சென்றிருந்தேன். 1941இல் மாஸ்கோவை நோக்கி முன்னேறிய ஜெர்மானியப் படையை எதிர்த்து நின்ற சோவியத் ராணுவத்தின் 316ஆவது படைப்பிரிவு இந்த நகரில்தான் திரட்டப்பட்டது. கசாக்கியரும் கிர்கிஸியரும் ரஷ்யரும் தோளோடு தோள் நின்ற அந்தப் பிரிவின் தளபதி இவான் பன்ஃபிலோவ், நவம்பர் 18 அன்று போர்முனையிலேயே உயிர் துறந்தார்.

பூங்காவின் முழுப் பெயர் அவருடைய வீரர்கள் 28 பேரைக் குறிக்கிறது. மாஸ்கோவுக்கு அருகிலுள்ள டுபோசெகோவோ என்னும் இடத்தில் அவர்கள் அனைவரும் டாங்கிகளை மறித்து மாண்டதாகப் பரவிய செய்தி பத்திரிகைகள் மிகைப்படுத்தியது என்பதையும், அவர்களில் சிலர் உயிர் பிழைத்திருந்தார்கள் என்பதையும் 1948இலேயே சோவியத் விசாரணை கண்டறிந்தது. ஆனாலும் அந்தப் பனிவெளியில் படைப்பிரிவு போரிட்டதும், பலர் வீடு திரும்பாததும் மறுக்க முடியாத உண்மை என்பதால், என் மரியாதை கடுகளவும் குறையவில்லை.

கல்லைப் பிளந்துகொண்டு பாய்வதுபோல் நிற்கும் பிரம்மாண்டமான வீரர் சிலைகளுக்கு முன்னால், 1975இல் ஏற்றப்பட்ட அணையாச் சுடர் எரிகிறது. அதன் விளிம்பில் யாரோ வைத்துச் சென்ற சிவப்புக் கார்னேஷன் பூக்கள் இரண்டு, வெப்பத்தில் ஓரம் சுருங்கிக் கிடந்தன. மரங்களுக்கிடையே தெரிந்த தேவாலயம் முழுவதும் தியான்ஷான் மலைத்தொடரின் ஸ்புரூஸ் மரத்தால் 1907இல் கட்டி முடிக்கப்பட்டது. நகரைக் குலைத்த 1911 நிலநடுக்கத்தையும் அது தாங்கி நின்றது. அதன் மஞ்சள் சுவரோரம், உதிர்ந்த இலைகளை ஒரு மூதாட்டி பொறுமையாகக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்.