மாமாவின் பெண்டிங் நோட்டு

ஜூன் 14, சனி

மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. முன்பக்கம் முழுக்க மேட்டூர். அன்றைய நீர்மட்டம், வரத்து, திறப்பு என்று பேப்பரில் வருவதைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். ஆறு மா நிலத்தில் குறுவை போடுவதா, சம்பா வரை பொறுப்பதா என்பதை அந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். இந்த வருஷம் 12ஆம் தேதியே திறந்துவிட்டதால் விதை ஊற வைக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

நோட்டைத் திருப்பிப் பிடித்தால் வேறு கணக்கு. கேரளா லாட்டரி முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள், நாள்வாரியாக. இலக்கத்துக்கு ஒன்றாக ஏ போர்டு, பி போர்டு, சி போர்டு என்று மூன்று பத்தி. ஓரத்தில் சிவப்பு மையில், ஒவ்வொரு எண்ணும் வந்து எத்தனை நாள் ஆச்சு என்ற குறிப்பு. பெண்டிங் என்கிறார்கள்.

"சி போர்டுல 7 வந்து முப்பது நாள் தாண்டிருச்சு மாப்ளே. இனி வந்துதானே ஆகணும்?" என்றார்.

கிளம்பும்போது அத்தை வாசல் வரை வந்தார். விதைநெல்லுக்கு வைத்திருந்த பணத்தில் பாதி இல்லை என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

மாமா இளவட்டமாக இருந்தபோது பரிசுச் சீட்டு அரசாங்க விஷயம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968இல் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பது அப்போது எல்லோர் வாயிலும் இருந்த வரி. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது. அதன்பிறகும் இந்த மூணு நம்பர் ஆட்டம் மறைவாக நடந்துகொண்டே இருக்கிறது. கேரளாவில் அரசே குலுக்குகிறது, அங்கே அது சட்டப்படியான சீட்டு. இங்கே யாரோ ஒருவன் அந்த முடிவை வைத்துப் பந்தயம் கட்டி வாங்குகிறான். சீட்டு கிடையாது, ரசீது கிடையாது, விழாத பணம் நாட்டுக்கும் போவதில்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே இந்தக் கடனில் அழிந்துபோனது. அந்தச் செய்தியை மாமாவும்தான் படித்தார்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நடத்துகிற நிகழ்தகவுதான், புதிதாக ஒன்றுமில்லை.

ஒரு போர்டில் 0 முதல் 9 வரை பத்து எண். ஒரு குலுக்கலில் 7 வராமல் போக வாய்ப்பு பத்துக்கு ஒன்பது. முப்பது குலுக்கல் தொடர்ந்து வராமல் போக 0.9ஐ முப்பது முறை பெருக்க வேண்டும். 0.042 வருகிறது, அதாவது நூற்றுக்கு நாலு. தனியாகப் பார்த்தால் அபூர்வம் மாதிரி தெரியும். ஆனால் மாமா பார்ப்பது ஒரு எண்ணை இல்லை. மூன்று போர்டு, பத்துப் பத்து எண், மொத்தம் முப்பது. முப்பதில் நூற்றுக்கு நாலு என்றால் ஒன்றுக்கும் சற்று மேல். ஆக எந்த நாளில் நோட்டைத் திறந்தாலும் முப்பது நாள் வராத எண் சராசரியாக ஒன்றாவது உட்கார்ந்திருக்கும். ஐம்பது நாள் வராத எண்கூட, மூன்று போர்டையும் சேர்த்தால், வருஷத்துக்கு ஐந்தாறு முறை பார்க்கலாம். சிவப்பு மைக்கு ஒருநாளும் வேலை ஓயாது. மாமா அதை அறிகுறி என்று நினைக்கிறார். குலுக்கல் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது அறிகுறி.

மூன்று இலக்கமும் சேர்த்துக் கட்டுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். 000 முதல் 999 வரை ஆயிரம் எண். ஆயிரம் நாள் குலுக்கினால் எல்லாம் ஒருமுறையாவது வந்துவிடும் என்று தோன்றும். கணக்குப்படி சுமார் 368 எண்கள் அப்போதும் வந்தே இருக்காது!

எங்கள் பக்கம் ஒற்றை எண்ணுக்கு 12 ரூபாய் கட்டினால் 100 ரூபாய். பத்தில் ஒருமுறை 100 என்றால் சராசரியாகக் கைக்குத் திரும்புவது 10. எந்த எண்ணைக் கட்டினாலும், பெண்டிங்கோ நேற்று வந்ததோ, 12க்கு 2 ரூபாய் போகிறது.

ஜூன் 18, புதன்

வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் வந்துவிட்டதாம். மாமா போன் செய்து சொன்னார். குரலில் சந்தோஷம். 7 இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னார்.

ஜூன் 20, வெள்ளி

மாமாவிடம் இத்தாலிக் கதையைச் சொன்னேன். அங்கே அரசு நடத்தும் லோட்டோவில் சில நகரங்களுக்குத் தனித்தனியாக ஒரு சக்கரம், 1 முதல் 90 வரை எண், ஒவ்வொரு குலுக்கலிலும் ஐந்து எண் எடுப்பார்கள். வெனிஸ் சக்கரத்தில் 53 என்ற எண் 2003 மே மாதத்துக்குப் பிறகு வரவே இல்லை. ஜனங்கள் நம்மூர் மாதிரியேதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். தள்ளிப்போகத் தள்ளிப்போகக் கட்டும் தொகையை ஏற்றினார்கள். 350 கோடி யூரோவுக்கு மேல் அந்த ஒரு எண்ணில் போனது. குடும்பங்கள் சிதைந்தன, உயிர்களும் போயின. 182 குலுக்கல் கழித்து 2005 பிப்ரவரி 9 அன்று 53 வந்தது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வந்துச்சுல்ல?" என்றார்.

வந்தது. ஆனால் முப்பதாவது குலுக்கலிலும் நூறாவதிலும் 'இனி வந்தே தீரும்' என்று கட்டியவர்களுக்கு அது வரவில்லை. நீண்ட நாள் வராத எண்ணின் மேல் கூட்டம் போய் விழுவதை லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித மேதை 1814லேயே எழுதிவிட்டார். அந்த ஊரிலும் அரசாங்க லாட்டரி ஓடிய காலம் அது.

அப்போதுதான் நோட்டின் முன்பக்கத்தைத் திருப்பினேன். "மாமா, மேட்டூர்ல நேத்து எத்தனை அடின்னு தெரிஞ்சா இன்னிக்கு எவ்வளவு இருக்கும்னு சொல்லிடலாம். வந்தது, போனது ரெண்டையும் கூட்டிக் கழிச்சாப் போதும். நேத்துத் தண்ணி உள்ளேயே நிக்குது. திருவனந்தபுரம் குலுக்கல் மெஷின்ல நேத்து நம்பர் எங்கே நிக்குது?"

அவர் விடவில்லை. "ரொம்ப நாள் போட்டா எல்லா நம்பரும் சமமா வரும்னு நீதானே சொல்லுவே?"

நல்ல கேள்வி. பிள்ளைகளும் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். முப்பது நாளில் 7 மூன்று முறை வந்திருக்க வேண்டும், வரவில்லை, மூன்று குறைவு. அந்த மூன்றை மெஷின் பிறகு கூடுதலாகத் தந்து ஈடுகட்டுவதில்லை. மூவாயிரம் குலுக்கல் ஆன பிறகு முந்நூறை ஒட்டி எங்கோ இருக்கும் எண்ணிக்கையில் இந்த மூன்று ஒரு பொருட்டாகவே இருக்காது. சமமாவது அப்படித்தான், பழைய பாக்கியை யாரும் தீர்ப்பதில்லை. காகிதத்தில் எழுதிக் காட்டினேன். இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூன் 23, திங்கள்

வாதம் வேண்டாம், உங்கள் நோட்டையே கேட்போம் என்றேன். அவருடைய எழுத்து, அவருடைய தேதி. இருபது நாளுக்கு மேல் பெண்டிங்கில் இருந்த எண் மறுநாளே வந்த இடங்களை எல்லாம் நானும் அவரும் பென்சிலால் குறித்தோம். அத்தையும் வந்து உட்கார்ந்து பக்கம் புரட்டினார். கூட்டிப் பார்த்தபோது பத்துக்கு ஒன்று என்ற அளவை ஒட்டித்தான் இருந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானே ஒருமுறை எண்ணினார். அதே விடை.

இன்றைக்கு அவர் கட்டவில்லை. மூன்று மணி முடிவை மட்டும் போனில் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். விதைநெல்லுக்குக் குறைந்ததை அத்தை மகளிர் குழுவில் கேட்டிருக்கிறார்.

"சரி மாப்ளே, அப்ப அடிக்கடி வர்ற நம்பரைக் கட்டினா?" என்று கேட்டார். அதையும் இதே நோட்டில் எண்ணிப் பார்த்துவிடலாம் என்றேன். நாளைக்குப் பள்ளி விட்டதும் வரச் சொல்லியிருக்கிறார்.