முன்னுரை வேண்டாம், முடிவுரையும் வேண்டாம்: காலையில் பத்து நிமிட எழுத்து

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "மழையைப் பற்றி எழுது" என்று சொல்லிப் பாருங்கள். "மழை நமக்கு மிகவும் பயன் தருகிறது. மழையால் ஏரி, குளங்கள் நிரம்புகின்றன. மழைநீரைச் சேமிப்போம்" என்று மூன்று வரி வரும். முப்பது பேர் இருந்தால் முப்பது நோட்டிலும் அதே மூன்று வரிதான். அதே பிள்ளையிடம் "நேத்து மழை பெய்யும்போது உன் செருப்பு எங்க கிடந்துச்சு?" என்று கேளுங்கள். திண்ணைக்குக் கீழே கிடந்தது, ஒரு கால் மட்டும் மிதந்து சாக்கடைப் பக்கம் போனது, அக்கா குடைக் கம்பியால் இழுத்துப் போட்டாள் என்று மூச்சு விடாமல் சொல்லும். இந்தப் பேச்சு அப்படியே தாளுக்கு வரவேண்டும். தினமும் காலையில் பத்து நிமிடம் எழுத வைப்பது இதற்காகத்தான்.

இது கட்டுரைப் பயிற்சி கிடையாது. மதிப்பெண் இல்லை, தலைப்பு இல்லை, முன்னுரை, பொருளுரை, முடிவுரை எதுவும் இல்லை. ஓட்டப்பந்தயத்துக்கு முன் கை காலை உதறிக்கொள்வது போன்ற ஒன்று. 3, 4, 5ஆம் வகுப்புகளை மனதில் வைத்தே இங்கே எழுதியிருக்கிறது. ஒரே அறையில் மூன்று வகுப்பும் உட்கார்ந்திருக்கும் ஈராசிரியர் பள்ளியிலும் இது நடக்கும்.

காலை வணக்கக் கூட்டமும் வருகைப் பதிவும் முடிந்து, முதல் பாடம் தொடங்குவதற்கு முன் செய்வது நல்லது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் பாதிப் பிள்ளைகளுக்குக் கண் சொக்கும். முதல் ஒரு நிமிடம்: கேள்வியை ஆசிரியர் இரண்டு முறை சொல்கிறார். அடுத்த ஒரு நிமிடம்: பக்கத்தில் இருப்பவரிடம் பதிலை வாயால் சொல்வது. பிறகு ஆறு நிமிடம் எழுத்து. கடைசி இரண்டு நிமிடத்தில் மூன்று பேர் வாசிப்பார்கள்.

நேரம் போதவில்லை என்றால் எல்லோரும் முதலில் வெட்டுவது அந்தப் பக்கத்துப் பிள்ளையிடம் பேசும் நிமிடத்தைத்தான். அதை மட்டும் வெட்டாதீர்கள். ஒரு முறை வாயால் சொல்லிவிட்ட பிள்ளைக்கு முதல் வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். சொல்லாத பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் கூரையைப் பார்க்கும். ஆறு நிமிடத்தில் இரண்டு போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

ஜூன் மாதத்தில் மூன்றாம் வகுப்புக்கு நான்கு நிமிடமே போதும். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஆறாக்கலாம். அளவைச் சொற்களில் சொல்லாமல் வரிகளில் சொல்லுங்கள். "வீட்டுக்குள்ளிருந்து" என்று ஒரே சொல்லுக்குள் எவ்வளவோ அடங்கிவிடும் மொழி இது. சொல்லை எண்ணச் சொன்னால் பிள்ளைகள் எண்ணிக்கையில்தான் சிக்கிக்கொள்வார்கள். தொடக்கத்தில் 3ஆம் வகுப்புக்கு மூன்று வரி, 4க்கு ஐந்து, 5க்கு ஏழு என்று வைத்துக்கொள்ளலாம். நேரம் முடிந்ததும் வாக்கியம் பாதியில் நின்றால் நிற்கட்டும்.

80 பக்க ஒற்றைக்கோடு நோட்டு ஒன்று போதும். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் ஏறக்குறைய நான்கு மாதப் பள்ளி நாட்களுக்கு வரும். இரட்டைக்கோடு நோட்டு வேண்டாம். அதைத் திறந்தாலே கையெழுத்துப் பயிற்சி நினைவுக்கு வந்து, எழுத்தை உருட்டி உருட்டி வரைய ஆரம்பித்துவிடுவார்கள். ரப்பர் பைக்குள்ளேயே இருக்கட்டும். தப்பாக எழுதிய சொல்லை ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போக வேண்டும் என்பது விதி. ரப்பர் கையில் இருந்தால் ஒரு வரியை மூன்று முறை அழிக்கும் பிள்ளைக்கு ஆறு நிமிடமும் அழிப்பதிலேயே போய்விடும். சீவிய பென்சில் பத்து ஒரு டப்பாவில் தயாராக இருக்க வேண்டும். முனை உடைந்தால் டப்பாவில் இருந்து மாற்றிக்கொள்ளலாம். குப்பைத்தொட்டிப் பக்கம் சீவப் போகும் வரிசை உருவாகிவிட்டால் அன்றைய எழுத்து அவ்வளவுதான்.

இனி மொழிக்கு வருவோம். தமிழ்ப் பிள்ளைகள் எழுதத் தயங்குவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டில் "பூனை ஓடிருச்சு" என்று பேசும் பிள்ளை, எழுதும்போது "பூனை ஓடிவிட்டது" என்று மாற்ற வேண்டும். என்ன சொல்வது என்று யோசிக்கும் அதே நேரத்தில் அதை எந்தத் தமிழில் சொல்வது என்றும் யோசிக்க வேண்டும். ஏழெட்டு வயதுக்கு இரண்டு சுமை. அதனால்தான் மனப்பாடமாக இருக்கும் புத்தக வாக்கியங்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் பேச்சுத் தமிழை அப்படியே எழுத விடுங்கள். மதுரைப் பிள்ளை "அங்கிட்டு" என்று எழுதட்டும், கோவைப் பிள்ளை "வாங்கண்ணு" என்று எழுதட்டும். "டீச்சர், 'பாத்தேன்'னு எழுதலாமா, 'பார்த்தேன்'னு எழுதணுமா?" என்று கேட்டால் "உன் காதுல எப்படிக் கேக்குதோ அப்படி எழுது" என்பதுதான் பதில். எழுத்துத் தமிழ் கெட்டுவிடாதா என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. வெள்ளிக்கிழமை தமிழ்ப் பாடவேளையில், அந்த வாரம் எழுதியதில் பிடித்த இரண்டு வரியை எடுத்து, அதைப் புத்தகத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள். தன் சொந்த வாக்கியத்தை மாற்றும்போது "ஓடிருச்சு", "ஓடிவிட்டது" இரண்டுக்கும் இடையே என்ன நடக்கிறது என்று பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும். பேச்சை உரையாடல் வரிகளில் மட்டும் விட்டுவிட்டு, கதை சொல்லும் வரிகளை எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவருவது ஐந்தாம் வகுப்பின் இரண்டாம் பாதியில் தானாகவே வரும்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலப் பட்டியல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தால் எடுபடாது. பனிமனிதனையும் பல் தேவதையையும் நம் பிள்ளைகள் கார்ட்டூனில்தான் பார்த்திருக்கிறார்கள். எழுதுவதும் அந்தக் கார்ட்டூனையேதான். ஆனால் விழுந்த பால் பல்லைச் சாணத்தில் வைத்துக் கூரைமேல் எறியும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. "கூரைக்குப் போன பல் இப்ப அங்க என்ன செய்யுது?" என்று கேட்டால் மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூட சும்மா இருக்காது. பல் விழாத பிள்ளை அந்த வகுப்பில் ஏது?

"மரம் பேசுகிறது" மாதிரியான தலைப்பும் கட்டுரையில்தான் போய் முடியும்: நான் நிழல் தருகிறேன், கனி தருகிறேன், என்னை வெட்டாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் சுருக்கிவிட்டால் தப்பிக்கலாம். "நம்ம பள்ளிக்கூட வாசல்ல நிக்கிற வேப்பமரம் நேத்து சாயங்காலம் நாலரை மணிக்கு என்ன பார்த்துச்சு?" என்று கேட்டால் நன்மைகளைப் பட்டியல் போட வழியே இல்லை.

வீட்டு நிலைமையைக் கிளறும் கேள்விகளைத் தவிருங்கள். "அப்பா வாங்கித் தந்த பரிசு", "கோடை விடுமுறையில் போன ஊர்", "என் பிறந்தநாள் கொண்டாட்டம்" எல்லாம் சில பிள்ளைகளைப் பொய் எழுத வைக்கும், சிலரை வாயடைக்க வைக்கும். எல்லோருக்கும் பொதுவானதைக் கேட்கலாம்: காலையில் பள்ளியில் சாப்பிட்ட பொங்கலோ கிச்சடியோ எந்தச் சூட்டில் இருந்தது, தட்டு கழுவும் குழாயடியில் என்ன சத்தம் கேட்டது.

நல்ல பயிற்சிகளில் முதலில் சொல்ல வேண்டியது மூன்று டப்பா. ஒன்றில் ஆள், இன்னொன்றில் இடம், மூன்றாவதில் சிக்கல். ஒவ்வொன்றிலும் 15 சீட்டு. தபால்காரர், ஆட்டுக்குட்டி, பஸ் கண்டக்டர், பல் இல்லாத பாட்டி என்று ஆட்கள். ரேஷன் கடை, கண்மாய்க்கரை, மொட்டை மாடி, பஸ்ஸின் கடைசி சீட் என்று இடங்கள். கதவு திறக்கவில்லை, குரல் போய்விட்டது, நிழலைக் காணோம் என்று சிக்கல்கள். 45 சீட்டில் 3,375 சேர்க்கை கிடைக்கும். ஐந்தாண்டு ஆனாலும் தீராது. குலுக்கி எடுத்த மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு விலகிக்கொள்ளலாம்.

இதில் வரும் தவறு, மூன்று டப்பாவிலும் விசித்திரத்தைப் போடுவது. வேற்றுக்கிரகவாசி, நிலவு, டைனோசர் துரத்துகிறது என்று வந்தால் பிள்ளைக்குத் தெரிந்தது எதுவுமே அதில் இல்லை. "பயங்கரமாக இருந்தது" என்பதோடு நின்றுவிடும். ஆளும் இடமும் தெரிந்தவையாக இருக்கட்டும். விசித்திரம் சிக்கல் டப்பாவில் மட்டும். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பாட்டிக்கு நிழல் காணாமல் போனால், யார் என்ன பேசுவார்கள் என்று பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். முடிவைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "திடீரென்று விழித்தான், எல்லாம் கனவு", "அனைவரும் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர்" இரண்டும் இந்த நோட்டில் கிடையாது. ஆறு நிமிடக் கதைக்கு முடிவே தேவையில்லை.

அந்தாதி விளையாட்டையும் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு வரியின் கடைசிச் சொல் அடுத்த வரியின் முதல் சொல். ஆனால் அப்படியே கொடுத்தால் இரண்டாம் வரியிலேயே முட்டும், ஏனென்றால் நம் வாக்கியம் வினையில் முடியும். "பூனை பாலைக் குடித்தது" என்று எழுதிவிட்டு அடுத்த வரியைக் "குடித்தது" என்று எப்படித் தொடங்குவது? அதனால் முதல் நாளே வாக்கியத்தைப் பெயர்ச்சொல்லில் முடிக்கப் பழக்க வேண்டும். "மரத்தில் இருப்பது கிளி. கிளி கொத்தியது பழம். பழத்துக்குள்ளே புழு. புழுவுக்கு எதுக்கு வீடு? வீட்டுக்கு இல்லை கதவு." ஐந்தாறு வரிக்குள் பிள்ளைக்கு அந்த நடை பிடிபட்டுவிடும். கிளி, கிளியை, கிளிக்கு என்று வேற்றுமை உருபு சேரலாம் என்று விட்டுக்கொடுங்கள், இல்லாவிட்டால் திணறுவார்கள்.

சத்தத்தை எழுதுவதற்கு ஒரு நாள் ஒதுக்கலாம். ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்பது, பிறகு கேட்டதை எழுதுவது. சலசல, கடகட, கிசுகிசு என்று இரட்டைக்கிளவி நம் மொழியில் கொட்டிக் கிடக்கிறது. இருப்பதை எழுதி முடித்ததும், மின்விசிறிக்கும் சத்துணவுக் கூடத்துக் கரண்டிக்கும் புதிதாக ஒன்று உண்டாக்கச் சொல்லுங்கள்.

விடுகதை எழுதுவது நான்காம் வகுப்புக்கு மேல் நன்றாக வரும். பையில் இருக்கும் ஒரு பொருள், அதன் பெயர் வராமல் மூன்று வரி. எல்லோரும் முதல் வரியிலேயே உடைத்துவிடுவார்கள்: "நான் எழுத உதவுவேன்." கடினமான குறிப்பு முதலில், எளிய குறிப்பு கடைசியில் என்ற வரிசையைச் சொல்லிக்கொடுத்தால் சரியாகும். "சீவச் சீவக் குள்ளமாவான், குள்ளமானாலும் எழுதுவான்" என்பது போல முரண் ஒன்று இருந்தால் விடுகதை நிற்கும்.

பழமொழியை நடந்த சம்பவமாகக் கேட்பதும் நல்ல பலன் தரும். யானைக்கும் அடி சறுக்கும் என்றால், எந்தத் தெருவில் சறுக்கியது, யார் முதலில் சிரித்தது? பொருள் விளக்கம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

எழுத்தைக் கொடுத்துச் சொல் கேட்கும் விளையாட்டில் ஒரு எச்சரிக்கை. ண, ன, ழ, ள, ற வரிசைகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. ட, ர, ல என்றால் டம்ளரும் ரயிலும் லட்டும்தான் வரும். இந்த எழுத்துகளைச் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ கேளுங்கள். "ழ வரும் மூன்று சொல், மூன்றையும் வைத்து ஒரு பொய்" என்று கொடுத்தால் வாழைப்பழமும் தாழ்ப்பாளும் குழலும் சேர்ந்து ஏதாவது ஒரு புளுகு பிறக்கும்.

ஒரே வகுப்பில் எல்லோரும் ஒரே நிலையில் இருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-23இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளின் கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்த நிலைகள் இங்கேயும் அப்படியே பொருந்தும். கேள்வி எல்லோருக்கும் ஒன்றே. அரும்பு நிலைப் பிள்ளை படம் வரைந்து இரண்டு பெயர்களை எழுதலாம். மொட்டு நிலைக்கு முதல் வாக்கியத்தின் பாதியைக் கரும்பலகையில் கொடுக்கலாம். மலர் நிலை தானாக எழுதட்டும். எழுதவே வராத பிள்ளை சொல்லச் சொல்ல ஆசிரியர் ஒரு வரி எழுதிக் கொடுத்து, அடுத்த வரியை அந்தப் பிள்ளையையே எழுதச் சொல்லலாம். "எனக்கு ஒண்ணும் தோணலை" என்று சொல்லும் பிள்ளையிடம் அதையே முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். ஏன் தோணலை என்பது இரண்டாம் வரி.

கரும்பலகையில் மாதிரிப் பதில் எழுதக் கூடாது. எழுதினால் இருபது நோட்டில் அதுதான் இருக்கும். மாதிரி சொல்லியே ஆக வேண்டும் என்றால் வாயால் இரண்டு சொல்லிவிட்டு, "இந்த ரெண்டும் இன்னைக்கு யாருக்கும் இல்லை" என்று தடை போட்டுவிடலாம். பிள்ளைகள் எழுதும் ஆறு நிமிடமும் ஆசிரியரும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். நடந்து நடந்து எட்டிப் பார்த்தால் கையால் தாளை மறைப்பார்கள்.

வாசிப்பவர்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் அதே மூன்று பேர்தான் எழுந்து நிற்பார்கள். பெயர் வந்தும் "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. கேட்பவர்கள் கைதட்ட வேண்டாம். மனதில் நின்ற ஒரு சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதும். "சாக்கடைப் பக்கம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தால், எழுதிய பிள்ளைக்கு எது வேலை செய்தது என்று புரிந்துவிடும்.

சிவப்பு மை வேண்டாம். ல, ள, ழ குழப்பத்தை நோட்டில் திருத்தாமல், வகுப்பில் அதிகம் பேர் செய்த ஒரே ஒரு தவறைக் குறித்துக்கொண்டு மறுநாள் தமிழ்ப் பாடவேளையில் எடுங்கள். முப்பது பிள்ளைகள் என்றால் நாளுக்கு ஆறு நோட்டு வாசித்தால் வாரத்துக்குள் எல்லோரையும் சுற்றி வந்துவிடலாம். கீழே "நன்று" என்று எழுதாமல், பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: "அக்கா இழுத்துப் போட்ட செருப்பு அப்புறம் காஞ்சுச்சா?" அடுத்த முறை நோட்டைத் திறந்ததும் அந்தப் பிள்ளை முதலில் எழுதப் போவது அதற்கான பதிலைத்தான்.