மார்கழியில் கோழிக்குஞ்சு இறக்க முன்னம் கொட்டிலைத் தயார்படுத்துதல்

வன்னியில் குளிரென்று சொன்னால் மலைநாட்டுக்காரர் சிரிப்பார்கள். மார்கழி, தை மாதங்களில் விடியற்புறம் 20 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும், அவ்வளவுதான். ஆனால் ஒருநாள் குஞ்சுக்கு முதல் கிழமையில் 32 முதல் 34 பாகை வேண்டும். தன் உடம்புச் சூட்டைத் தானே காக்க அதற்கு இரண்டு கிழமையாவது பிடிக்கும். இடையிலுள்ள பன்னிரண்டு, பதினான்கு பாகையை மின்குமிழால் மட்டும் நிரப்பப் பார்த்தால் கரண்ட் பில்லே இலாபத்தைத் தின்றுவிடும். மின்சாரத்துக்கு அலகு கூடக்கூட விலைப்படியும் ஏறுகிறது. ஆகவே எங்கள் வேலை குஞ்சு வர இரண்டு கிழமைக்கு முன்பே, கொட்டிலில் தொடங்கும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பரவலாக உள்ள கொட்டிலை வைத்தே சொல்கிறோம்: பத்தடி அகலம், இருபதடி நீளம், தகரக் கூரை, இரண்டடி அரைச்சுவர், அதற்கு மேல் கம்பி வலை. 250 குஞ்சு.

முதலில் இடத்தைச் சுருக்குங்கள். இருபதடியையும் சூடாக்கத் தேவையில்லை. நடுவில் தறப்பாளைக் குறுக்காகக் கட்டி, பத்துக்குப் பத்தடியை மட்டும் எடுத்தால் 250 குஞ்சுக்கு முதல் பத்து நாளுக்குப் போதும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் தென்மேற்கு மூலையுள்ள பாதியைத் தெரிவு செய்வது நல்லது. மற்றப் பாதி காற்றுக்கு முன்னறையாக நிற்கும். தீன் மூடைகளையும் அங்கேயே, நிலத்தில் படாமல் பலகை மேல் அடுக்கலாம்.

அடுத்தது கூரை. தகரம் பகலில் கொதிக்கும், இரவில் வெட்டவெளிக்குச் சூட்டை விட்டு வெளிக்காற்றை விடவும் குளிர்ந்துவிடும். உள்ளே எழும் சூடான ஈரக்காற்று அதில் பட்டு நீராகி, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகத் தரையில் பரப்பிய கூளத்தில் விழும். கூரை ஒழுகுகிறதென்று நினைத்து ஆணித்துளைகளுக்குத் தார் பூசுபவர்கள் உண்டு. மழையே இல்லாத நாளிலும் சொட்டினால் அது ஒழுக்கு அல்ல. மருந்து, உட்கூரைதான். உரப்பைகளைக் கழுவிக் காயவைத்து, விரித்துத் தைத்து, ஆறடி உயரத்தில் கம்பி இழுத்துக் கட்டுங்கள். இரண்டு அடுக்காகக் கட்டி, நடுவே நாலு விரல் இடைவெளி விட்டால் அந்தக் காற்றே குளிரை மறிக்கும். கிடுகு இதைவிட நன்றாகச் சூட்டைப் பிடிக்கும், ஆனால் குமிழுக்கு மேல் கிடுகு இருப்பது நெருப்புக்கு அழைப்பு. புரூடருக்கு, அதாவது குஞ்சுக்குச் சூடு தரும் குமிழ்கள் உள்ள இடத்துக்கு, நேர் மேலே வேண்டாம்.

பக்கத் திரையில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். தறப்பாளை மேலே ஆணியடித்துக் கீழே சுருட்டித் திறக்கும்படி கட்டுகிறார்கள். திறந்தவுடன் காற்று குஞ்சின் உயரத்துக்கே வரும். தலைகீழாகக் கட்ட வேண்டும்: அடிவிளிம்பை அரைச்சுவரில் ஓரடி கீழிறக்கிச் சட்டம் வைத்து அடித்துவிட்டு, மேல்விளிம்பில் ஒரு தடியைச் செருகிக் கயிற்றால் ஏற்றி இறக்குங்கள். திறப்பு எப்போதும் மேலேயே இருக்கும்; கெட்ட காற்று வெளியேறும், குஞ்சில் காற்று அடிக்காது.

எல்லாம் கட்டி முடிந்தபின் இரவில் உள்ளே ஒரு விளக்கைப் போட்டுவிட்டு வெளியே ஒரு சுற்று வாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்று நுழையும் இடம். அரையடிக்குக் கீழே, முக்கியமாகக் கதவின் அடியிலும் சுவர் மூலைகளிலும் கசிந்தால் சாக்கைத் திணித்து அடையுங்கள். (கீரியும் பாம்பும் அந்த வழியாகத்தான் வரும்.) முகட்டருகே கசிவதை விட்டுவிடுங்கள், அது தேவை.

கூளத்துக்கு உமி போதும். வெயிற்காலத்தில் இரண்டு அங்குலம் போடுவோம். மார்கழியில் மூன்றுக்குக் குறையக் கூடாது, சீமெந்துத் தரை சூட்டை உறிஞ்சும். பத்துக்குப் பத்தடிக்கு 25 கன அடி, கிட்டத்தட்டப் பத்து உரப்பை. சிக்கல் என்னவென்றால், பெரும்போக அறுவடை மாசியை ஒட்டித்தான் வரும். மார்கழியில் ஆலைகளில் கிடைப்பது மழையில் நனைந்த பழைய உமியாக இருக்கலாம். ஐப்பசிக்கு முன் எடுத்து மூடி வையுங்கள். பிடித்து நசுக்கிக் கை விரித்தால் உதிர வேண்டும். பூஞ்சண வாடை இருந்தால் எறிந்துவிடுங்கள். அது குஞ்சின் நுரையீரலுக்குப் போகும்.

சூட்டுக்கு வருவோம். திறந்த கொட்டிலில் குஞ்சொன்றுக்கு 2 வாட் என்று கணக்கிட்டால், 250 குஞ்சுக்கு 100 வாட் குமிழ் ஐந்து. நாள் முழுக்க எரிந்தால் 12 அலகு. மேலே சொன்ன வேலைகளுக்குப் பிறகு 1 வாட்டை ஒட்டியே சமாளிக்கலாம்: மூன்று குமிழ் இரவில் 14 மணித்தியாலம், பகலில் ஒன்று, ஐந்தரை அலகுக்குள் அடங்கும். இழைக்குமிழே வேண்டும். எல்.ஈ.டி. வெளிச்சம் தரும், சூடு தராது. குமிழ்களுக்கு மேல் மூன்றடி அகலத் தகரத் தட்டொன்றைக் கவிழ்த்துத் தொங்கவிட்டால் மேலே போகும் சூடு திரும்பி வரும். குமிழ் கூளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கம்பியில் தொங்க வேண்டும், மின்வயரில் அல்ல. தானியங்கி வெப்ப ஆளி பூட்டுபவர்கள் ஒரு சிறிய எல்.ஈ.டி.யைத் தனியாக எரியவிடுங்கள். இல்லையென்றால் ஆளி நிற்பாட்டும்போதெல்லாம் இருட்டாகி, குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் கிடப்பவை மூச்சடைத்துச் சாகும்.

கரண்ட் போகும், அதுவும் மழைக்காற்று இரவில்தான் போகும். சிரட்டைக்கரியும் இரண்டு மண்சட்டியும் தயாராக இருக்கட்டும். வெளியில் வைத்துப் பற்றவைத்து, புகை அடங்கி, கரி மேல் சாம்பல் படிந்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். சட்டியைச் சுற்றிக் கல் அடுக்கி, காற்றுக்கு மறைவான பக்கத்துத் திரையை ஓர் அடி இறக்கி வையுங்கள். மூடிய கொட்டிலில் கரி எரித்தால் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு சேரும். அதற்கு மணமில்லை, குஞ்சுகள் தூங்குவதுபோலத் தலை தொங்கிச் சாகும், உள்ளே நிற்கும் ஆளுக்கும் தலையிடிக்கும், ஆபத்தும் அதேதான்.

குஞ்சு வர 24 மணித்தியாலத்துக்கு முன் குமிழ்களைப் போட்டுவிடுங்கள். காற்று சூடாக இருந்தும் கூளம் குளிர்ந்திருந்தால் பயனில்லை. உமிக்குள் கையை வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரிய வேண்டும். குமிழ்களைச் சுற்றி ஒன்றரை அடி உயரத் தகட்டை வட்டமாக நிறுத்துங்கள், மூலை இருந்தால் அங்கே குவியும். வெப்பமானி குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்க வேண்டும். அதைவிடக் குஞ்சைப் பார்ப்பது மேல். குமிழடியில் கட்டியாகக் குவிந்தால் குளிர். தகட்டோரம் போய் வாய் பிளந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது.

குளிருக்குப் பயந்து எல்லாத் திரையையும் இறுக மூடுவதுதான் மார்கழியில் நாம் காணும் பெரிய சேதம். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலையொட்டிய குளிரில் வடக்கு, கிழக்கில் ஆடுமாடுகள் நூற்றுக்கணக்கில் இறந்தபின் இந்தப் பயம் கூடிவிட்டது. அவை வெட்டவெளியில் மழையில் நனைந்து காற்றில் நின்றவை. கொட்டிலுக்குள் நடப்பது வேறு: ஈரம் தங்கி, கூளம் கட்டிபட்டு, அமோனியா எழும். குந்தியிருந்து குஞ்சின் உயரத்தில் மூச்சிழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அளவு மீறிவிட்டது. புறொயிலர்க் குஞ்சுக்குக் குளிரும் கெட்ட காற்றும் சேர்ந்தால் மூன்று, நான்கு கிழமையில் வயிற்றில் நீர் கோக்கும். இரவிலும் மறைவுப் பக்கத் திரையில் நாலு விரல் திறப்பு இருக்கட்டும். காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் இரண்டடி இறக்குங்கள்.

இரண்டாம் கிழமையிலிருந்து கிழமைக்கு 3 பாகை குறையுங்கள்: குமிழை உயர்த்தி, பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி. பத்தாம் நாளுக்குப் பின் நடுத்தறப்பாளை அகற்றலாம், ஆனால் மழை இரவில் வேண்டாம். நான்காம் கிழமையில் இறகு மூடிவிடும், குமிழ் தேவையில்லை. உட்கூரையை மாசிப் பனி போகும்வரை கழற்றாதீர்கள். கழற்றியதும் கழுவி வெயிலில் காயப்போட்டு, எலி எட்டாத உயரத்தில் கட்டி வைத்தால் அடுத்த மார்கழிக்கும் அதே பைகள் உதவும்.